மலையிலிருந்து இறங்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

கர்ப்பகாலத்தின் கடைசி மாதங்களிலும் பிள்ளை பிறந்த பின்னான ஆறு வாரங்களிலும் வரக்கூடிய சிக்கல்களைப் பற்றிய துண்டுப்பிரசுரங்கள் பெரும்பாலும் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. இலங்கையின் மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டு வந்த தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து தார் ரோட்டுக்கு இறங்குவதற்கே, மழையில்லாத பகலில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி கிடைத்தாலும், முக்கால் மணி நேரம் பிடிக்கும். மகப்பேற்று வைத்திய நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்கு அங்கிருந்து இன்னும் கூடுதலான தூரம் போக வேண்டும். இரவிலும், மண் சரியும் பருவத்திலும் எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் அறிகுறி சந்தேகமாக இருக்கும்போதே புறப்பட்டுவிட வேண்டும் என்பதை என் இரண்டு பிரசவங்களிலும் என் அண்ணியின் பிரசவத்திலும் கண்டுகொண்டேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் தோட்டப் பாடசாலையொன்றில் கற்பிப்பவள்; வைத்தியம் படித்தவள் அல்ல. இங்கே வரும் மருத்துவச் செய்திகள் கிளினிக்கிலும் வாட்டிலும் சொல்லப்பட்டவையும், பிறகு நான் கேட்டுத் தெளிந்தவையும் ஆகும். மருந்தின் அளவை யாரும் இதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

முதலில் இரத்தச்சோகையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிறகு வரும் எந்தச் சிக்கலையும் அது இரட்டிப்பாக்கிவிடும். கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் அதை இரத்தச்சோகை என்கிறார்கள். பிரசவத்தில் போகும் இரத்தத்தை நல்ல இரத்தமுள்ள உடம்பு தாங்கிக்கொள்ளும்; வெளுத்துப்போன உடம்பு அதே அளவுக்கே மயங்கிச் சரிந்துவிடும். கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை, ஃபோலிக் அமிலம், விட்டமின் சி, கல்சியம், திரிபோஷா என்ற சத்துமா எல்லாம் இலவசமாகத்தான் தருகிறார்கள். எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மாத்திரையை வாங்கிவந்து தூக்கி எறிபவர்கள் குறைவு. ஆனால் காலையில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டு, மாத்திரைகளை எல்லாம் ஒன்றாக வாயில் போட்டு, சாயத் தண்ணியால் விழுங்கிவிட்டு மலைக்கு ஓடுவதுதான் வழக்கம். தேயிலையிலுள்ள டனின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கல்சியம் மாத்திரையும் அதே வேலையைச் செய்கிறது. இரும்பு மாத்திரையை இரவு படுக்குமுன் விட்டமின் சியோடு வெறும் தண்ணீரில் விழுங்கி, கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடு எடுத்து, தேத்தண்ணியைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கும்படி எங்கள் மிட்வைப் மிஸ் (மருத்துவமாது) சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணியைத் தள்ளிவைக்கச் சொல்வது லேசான காரியம் அல்ல. என் மாமி அதை எனக்கு விதிக்கப்பட்ட தண்டனையாகவே பார்த்தார். ஆனாலும் எட்டாம் மாதச் சோதனையில் என் இரத்தம் ஏறித்தான் இருந்தது.

அதே எட்டாம் மாதத்தின் கடைசியில்தான் பிரஷர் தொடங்கியது. தோட்டத்து மருந்துச்சாலையில் நடந்த கிளினிக்கில், மிட்வைப் மிஸ் என் சிறுநீரைச் சோதனைக் குழாயில் ஊற்றி ஸ்பிரிட் விளக்கில் சூடாக்கினார். குழாயின் மேல்பாதி மட்டும் மோர் கலந்தது போல வெளுத்தது. அவர் அமிலம் இரண்டு துளி விட்டுப் பார்த்தார், வெண்மை கரையவில்லை. சிறுநீரில் புரதம் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார், என்னைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். இரண்டு தடவையும் 140க்கு 90ஐத் தாண்டி இருந்தது. எனக்கோ எந்த வலியும் இல்லை. மோதிரம் விரலில் இறுகியிருந்தது, காலையில் எழும்போது கண்ணிமை தடித்திருந்தது, அவ்வளவுதான். பாதம் வீங்குவது நிறைமாதத்தில் பலருக்கும் உள்ளதுதான். முகமும் கைவிரல்களும் திடீரென்று வீங்குவதும், ஒரு வாரத்துக்குள் எடை சட்டென்று ஏறுவதும் வேறு சங்கதி. வீட்டிலே அதற்கு நீர் போட்டிருக்கிறது என்று பெயர் வைத்து, பார்லித் தண்ணீர் காய்ச்சத் தயாரானார்கள். பார்லித் தண்ணீரால் கெடுதல் எதுவும் இல்லை. அதைக் குடித்துவிட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்பதில்தான் கெடுதல் இருக்கிறது.

அந்த மிஸ் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. என் கிளினிக் கார்டில் எழுதி, லொறிக்குச் சொல்லி, அன்றைக்கே இறக்கிவிட்டார். இருபது வாரங்களுக்குப் பிறகு புதிதாக ஏறும் பிரஷரும், சிறுநீரில் புரதமும் சேர்ந்து வந்தால் அதை முன்சூல்வலிப்பு என்கிறார்கள். அதற்கு முடிவான மருந்து பிள்ளையும் நச்சுக்கொடியும் வெளியே வருவதே என்று வாட்டில் விளக்கினார்கள். பிரஷர் 160க்கு 110ஐ எட்டினால் அவசர நிலை. தொடர்ந்த தலைவலி, கண்முன் பொறி பறப்பது அல்லது பார்வை மங்குவது, நெஞ்சுக்குழியிலோ வலதுபக்க விலாவுக்குக் கீழோ வலி, ஓங்கரிப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் வலிப்பு நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். விலாவுக்குக் கீழே வரும் அந்த வலியை எங்கள் பக்கத்தில் வாய்வு என்று சொல்லி இஞ்சியும் பூண்டும் இடித்துக் கொடுப்பார்கள். வாய்வாகவே இருந்தாலும், நிறைமாதக்காரிக்கு ஒருமுறை பிரஷர் பார்த்துவிட்டு இஞ்சி கொடுப்பதால் ஒன்றும் குறைந்துபோகாது.

வாட்டில் எனக்கு மெக்னீசியம் சல்பேற் ஏற்றினார்கள். வலிப்பு வராமல் தடுப்பதற்கான மருந்து அது. ஏற்றத் தொடங்கியதும் உடம்பு முழுதும் சூடு பரவி, வாந்தி வரும்போல் இருக்கும். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன், அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். சிறு சுத்தியலால் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்ப்பதும், சிறுநீர்ப் பையை மணிக்கு மணி அளப்பதும் மருந்து அளவுமீறாமல் பார்க்கும் காவல்தான். பிறகு பிரசவ வலி வருவதற்கு மருந்து வைத்து, மகள் சுகமாகவே பிறந்தாள்.

வயிற்றுக்குள் பிள்ளை அசையும் துடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிட்டபின் எண்ணத் தொடங்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பத்துத் துடிப்பு வர வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லித்தருகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அதற்கு வெகு முன்பே பத்தை முடித்துவிடும். வழக்கமாகக் காலையிலேயே முடிக்கும் பிள்ளை ஒரு நாள் மத்தியானம் வரை மூன்றிலோ நாலிலோ நிற்கிறதென்றால், மேற்பிரிவில் இருப்பவள் மாலை வரை காத்திருந்தால் இருட்டில்தான் இறங்க நேரிடும். நிறைமாதத்தில் இடம் போதாமல் பிள்ளை துடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பதை நம்ப வேண்டாம்; துடிப்பின் விதம் மாறலாம், குறையக் கூடாது. வலியில்லாமல் இரத்தம் படுவது, பன்னீர்க்குடம் உடைந்து நீர் போவது, 37 வாரத்துக்கு முன் வயிறு விட்டுவிட்டு இறுகுவது, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இரவில் தாங்க முடியாத அரிப்பு ஆகியவற்றுக்கும் இதே விதிதான். நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாக ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள் கடைசி வாரங்களில் மேற்பிரிவில் இருக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். டவுனுக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே போய்விடுவது நல்லது, இல்லாவிட்டால் முன்கூட்டியே வாட்டில் சேர்த்துக்கொள்ளும்படி டொக்டரிடம் கேட்கலாம்.

புறப்படும் ஏற்பாட்டை ஏழாம் மாதத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் வண்டி வழிதேடி அலையும். எந்தப் பிரிவு, எந்தத் தொழிற்சாலைக்குப் பக்கம், எந்தக் கோவில் வளைவு என்று சொல்ல வீட்டிலுள்ள எல்லோருக்கும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உட்பட, தெரிந்திருக்க வேண்டும். சில லயங்களுக்கு அந்த வண்டி ஏற முடியாது, ஆகவே அதை எந்த இடத்தில் சந்திப்பது என்பதையும், அதுவரை யாருடைய ஆட்டோ அல்லது லொறி என்பதையும் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எங்கள் மேட்டில் சிக்னல் இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) ஒரு மூலையில் மட்டுமே கிடைக்கும். அந்த மூலை எது என்று மாமிக்குக் காட்டிவைத்தேன். கார்டு, பழைய சோதனைத் துண்டுகள், துணிமணி, கொஞ்சம் காசு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் கூட வருவது பெரிய உதவி. இல்லாவிட்டால் பிரஷர், வலிப்பு, இரத்தம், துடிப்பு குறைவு என்பவற்றைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வது என்று மிட்வைப் மிஸ்ஸிடம் கேட்டுக் கார்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னவற்றை எங்கள் பெண்களில் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பிள்ளை பிறந்த பிறகான நாட்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. தாயும் பிள்ளையும் வேறாகிவிட்டார்கள், கண்டம் தாண்டியாயிற்று என்று வீடு மூச்சுவிடுகிறது. கார்டு பெட்டிக்குள் போய்விடுகிறது. உண்மையில் பிரஷர் பிரசவத்தோடு இறங்கிவிடுவதில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அது மறுபடி உச்சத்துக்குப் போகக்கூடும், வலிப்பு முதல் இரண்டு நாட்களில்தான் அதிகம் வந்தாலும் ஆறு வாரம் வரை அந்தப் பயம் உண்டு. பிரசவத்துக்கு முன் பிரஷரே இல்லாதவர்களுக்கும் அது வரலாம்.

நான் வீட்டுக்கு வந்து, வாரம் முடிவதற்குள் ஒரு மாலை, நெற்றியில் தொடங்கிய தலைவலி பனடோல் போட்டும் விடவில்லை. தகரக் கூரையின் ஆணித் துளைகள் வழியாக வந்த வெளிச்சம் புள்ளி புள்ளியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் விழுந்து அறை இருண்ட பிறகும் அந்தப் புள்ளிகள் என் கண்முன்னே மிதந்தன. மாமி, "பச்ச ஒடம்புக்காரி, தலைய தொறந்து போட்டுக்கிட்டு இருந்தா தலைவலி வராம என்ன செய்யும்?" என்று காதையும் தலையையும் கம்பளித் துணியால் இறுக்கிக் கட்டினார். பக்கத்துக் காம்பராப் (லயத்து அறைப்) பாட்டி, பூசாரியை அழைத்துத் திருநீறு போட வேண்டும் என்றார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அதைத் தவிரச் செய்வதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. நான் மாமியிடம், "திருநீற்றைப் போட்டுக்கொண்டே இறங்குவோம், மாமி" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவரிடம் மறுப்பு இல்லை. சண்டை போட்டு நேரத்தைத் தொலைப்பதைவிட, இரண்டையும் ஒன்றாகச் செய்துகொண்டு புறப்படுவதே எங்கள் வீடுகளில் காரியமாகும் வழி.

வைத்தியசாலையை அடைந்தபோது பிரஷர் எல்லையைத் தாண்டியிருந்தது, வலிப்பு வரவில்லை. மருந்து ஏற்றி, பிறகு மாத்திரையை மாற்றித் தந்தார்கள். முதல் தடவை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய வாட்டில், மாத்திரையை எத்தனை நாள் போடுவது, எப்போது மறுபடி பிரஷர் பார்ப்பது என்று எனக்குப் புரியும்படி ஒருவரும் சொல்லவில்லை. சிங்களத்தில் வேகமாகச் சொல்லப்பட்டதற்கு நான் தலையாட்டினேன் என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. இரண்டாம் தடவை, துண்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒவ்வொரு வரியையும் கேட்டுவிட்டுத்தான் கட்டிலிலிருந்து எழுந்தேன். பிரஷர் மாத்திரை போடுகிறவர் பால் கொடுக்கலாமா என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்ற மாத்திரையைத்தான் தருவார்கள், ஆகவே பாலை நிறுத்தவும் வேண்டாம், மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். வீட்டிலேயே வலிப்பு வந்துவிட்டால் இடதுபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்பைத் திணிப்பதில் நேரம் போக்காமல் 1990ஐ அழைக்க வேண்டும்.

என் அண்ணிக்கு வந்தது இரத்தப்போக்கு. சுகப்பிரசவம், நல்லபடி வீட்டுக்கு வந்தவர். இரண்டாம் வாரத்தில் குறைந்துகொண்டிருந்த இரத்தம் திடீரென்று சிவந்து பெருகியது. நச்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே தங்கியிருந்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. பிள்ளை பெற்றவளுக்கு முதல் நாலைந்து நாள் சிவப்பாகவும், பிறகு பழுப்பாகவும், பிறகு வெள்ளையாகவும் படுவது இயல்பு. பழுப்பானது மறுபடி சிவப்பாகிப் பெருகினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பட்டை (சானிட்டரி பாட்) முழுதாக நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, எழுந்து நிற்கையில் கண் இருண்டாலோ, அழுக்கு இரத்தம் வெளியேறட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பழந்துணியை மடித்து வைப்பவர்கள் அதிகம்; அதில் அளவு தெரியாது. முதல் இரு வாரங்களுக்காவது கடையில் வாங்கும் பட்டையை வைப்பது சுத்தத்துக்கும் நல்லது, எவ்வளவு போகிறதென்று கண்ணுக்கும் தெரியும். அண்ணி நனைந்த பட்டைகளை ஒரு பையில் கட்டி எடுத்துப் போனார். டொக்டர் அதைப் பார்த்ததும் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் இரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

காய்ச்சல் 38 பாகையைத் தாண்டுவதும், தீட்டில் துர்நாற்றமும், அடிவயிற்று வலியும் கிருமித் தொற்றின் அடையாளங்கள். மலைக் குளிரில் எல்லாக் காய்ச்சலும் குளிர்க் காய்ச்சலாகவும் பால் காய்ச்சலாகவும் தோன்றும் என்பதால், பத்து நாளைக்குள் வரும் எந்தக் காய்ச்சலையும் டொக்டரிடம் காட்டிவிடுவதே மேல். தண்ணீரைக் குறைத்து, மூலையில் படுக்கவைத்து, அடுப்பங்கரையை விட்டு நகரவிடாமல் பத்தியம் காக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சரக்கு அரைத்துக் கொடுப்பதில் எனக்குப் பிணக்கு இல்லை, அதன் காரமும் நல்லெண்ணெயும் எனக்குப் பிடிக்கவும் செய்யும். ஆனால் தண்ணீர் குடியாமல் அசையாமல் கிடக்கும் உடம்பில் இரத்தம் உறையும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது, அப்படியே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அந்த உறைவு நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு அடைத்துவிடும்.

பிள்ளைக்குக் குளிர்தான் முதல் எதிரி. மூடிய அறைக்குள் கரிச்சட்டி வைத்துச் சூடேற்றுவது எங்கள் லயங்களில் பழைய பழக்கம். அந்தப் புகை தாய்க்கும் பிள்ளைக்கும் நஞ்சு. தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படப் பிள்ளையை வைத்து, இருவரையும் சேர்த்துக் கம்பளியால் மூடி, பிள்ளைக்குத் தொப்பி போட்டால் அதைவிட நல்ல சூடு கிடைக்கும். மஞ்சள் காமாலைக்கு இளவெயிலில் காட்டலாம் என்பார்கள், ஆனால் மழை மாதங்களில் எங்கள் மேட்டில் வெயில் எங்கே இருக்கிறது? முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலும், பிள்ளை பால் குடியாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் வெயிலை எதிர்பார்க்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். மார்பு கட்டிக்கொண்டால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்துவதால்தான் அது புண்ணாகிறது.

மனத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனெனில் அது எனக்கு நேர்ந்ததல்ல, எங்கள் லயத்தில் ஒருவருக்கு நேர்ந்தது, அவர் அனுமதியோடு கொஞ்சமாகவே சொல்ல முடியும். முதல் சில நாட்களின் அழுகை பலருக்கும் வந்து போகும். இரண்டு வாரம் கடந்தும் அழுகை நிற்காமல், பிள்ளை தூங்கும்போதும் தனக்குத் தூக்கம் வராமல், பிள்ளையைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடும் எண்ணம் வந்தாலும், இல்லாத குரல் காதில் கேட்பதாகச் சொன்னாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், அதுவரை அவரைத் தனியே விடக் கூடாது. கணவன் கொழும்பில் கடையில் நிற்க, மாமனார் மாமியார் மலைக்குப் போய்விட, காம்பராவில் காலை முதல் மாலை வரை பச்சைப் பிள்ளையோடு தனியே இருக்கும் பெண்கள் எங்களிடம் நிறையப் பேர். முதல் பத்து நாட்களுக்குள் மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வருவார். அவரிடம் பிள்ளையின் எடையை மட்டும் பேசி அனுப்பாமல் இதையும் சொல்லலாம்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு செய்தி: 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, எத்தனையாவது பிள்ளை என்றாலும் பிரசவ விடுமுறை 84 நாட்கள், முன்பு மூன்றாம் பிள்ளையிலிருந்து 42 நாட்கள் மட்டுமே கிடைத்தது. பேர் (நாட்சம்பளம்) போகிறதே என்று நிறைமாதத்திலும் கூடையோடு மலை ஏறுபவர்கள், பிரசவத்துக்கு முந்திய இரண்டு வாரங்களும் அந்த விடுமுறையில் அடங்கும் என்பதைத் துரை கந்தோரில் (தோட்ட அலுவலகத்தில்) கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

ஆறு வாரம் முடிந்ததும் பிரஷரும் சிறுநீரும் பார்க்க மறுபடி போக வேண்டும். எனக்கு அப்போது இரண்டும் சரியாகிவிட்டிருந்தன. ஆனால் ஒரு பிரசவத்தில் வந்த பிரஷர் அடுத்ததிலும் வரக்கூடும் என்பதால், இரண்டாவது தடவை நாள் தள்ளிய உடனேயே கிளினிக்கில் பழைய கதையைச் சொன்னேன். பன்னிரண்டாம் வாரத்திலிருந்து குறைந்த அளவு அஸ்பிரின் எழுதித் தந்தார்கள். இந்த மாத்திரை பதினாறாம் வாரத்துக்குப் பிறகு தொடங்கினால் பலன் குறைவு, ஆகவே வயிறு தெரியும் வரை கிளினிக் போகாமல் இருப்பவர்களுக்கு அது கிடைக்காமலே போய்விடும். பிரசவத்தில் இப்படிப் பிரஷர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தமும் இருதய நோயும் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம் என்றும் சொன்னார்கள். அதனால் பிள்ளை வளர்ந்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை மருந்துச்சாலையில் பிரஷர் பார்த்துக்கொள்கிறேன். வேறு எந்த வருத்தத்துக்குப் போனாலும், டொக்டர் கேட்காவிட்டாலும், முதல் பிரசவத்தில் பிரஷர் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.